மடத்து வீட்டின் உட்கதவு

நம் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் கதை முழங்கால் நோவில் தொடங்கி, சீனி வருத்தத்துக்குப் போய், கடைசியில் இடம்பெயர்ந்த கதையில்தான் வந்து நிற்கும். யார் கூடுதலான தடவை ஓடினவர்கள் என்பதில் போட்டி வேறு. அந்தப் போட்டியில் நானும் சளைத்தவள் இல்லை. ஆனால் இன்றைக்கு ஓடின கதை வேண்டாம். ஓரிடத்தில் போய் இருந்துகொண்டு எழும்பமாட்டேன் என்று அடம்பிடித்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அடம்பிடித்தது நானில்லை, என் அக்கா. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவளுக்குப் பதினேழு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடல் பக்கமிருந்து பீரங்கிச் செல் விழத் தொடங்கியதும் எங்கள் கரைச் சனம் கோயில் மாதா சுரூபத்தையும் வலைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வந்துவிட்டது. உடையார்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தென்னந்தோட்டத்தின் ஓரத்தில் எங்களுக்குத் தறப்பாள் கொட்டில்கள். அப்பா களப்பில் மீன்பிடித் தொழிலுக்குப் போய்க் கிழமைக்கு ஒருதடவை வருவார். கொட்டிலுக்குள் அம்மா, அக்கா, நான், எனக்குப் பின்னால் பிறந்த மூன்று வானரங்கள். பக்கத்துக் கொட்டிலில் பெரியம்மா குடும்பம். ஒரு கொட்டிலில் தும்மினால் அடுத்த கொட்டிலில் பதில் சொல்வார்கள், அவ்வளவு நெருக்கம்.

அக்கா அதற்கு முந்தின வருடம் சாதாரணதரச் சோதினை எழுதியிருந்தாள். எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்துவிட்டாள், கணக்கு மட்டும் தவறிவிட்டது. கணக்கு இல்லாமல் மேலே படிக்க முடியாது. அவளுக்கோ ரீச்சராக வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். அதற்குள் பெரியம்மா ஒரு சம்பந்தம் கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக வள்ளமும் இயந்திரமும் இருந்தன. அம்மா மார்கழிச் சோதினை வரைக்கும் பொறுக்கச் சொன்னார். இந்த முறையும் தவறினால் கலியாணம், அது முடிவான பேச்சு. ஆகவே அக்காவுக்கு இருந்தது அந்த மழைக்காலம் ஒன்றுதான்.

படிப்பதற்கு எங்கே போவது? பகலில் கொட்டிலுக்குள் சத்தம். பொழுதுபட்டால் விளக்கு இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து நாலு சொட்டு மண்ணெண்ணெயில் எரிக்கிற சிக்கன விளக்கு உங்களுக்கெல்லாம் ஞாபகமிருக்கும். அது தந்த வெளிச்சத்தைவிட மூக்குக்குள் தந்த கரிதான் கூட. அதற்கும் எண்ணெய் கிடைப்பது அருமை. வெயில் வெளிச்சத்தில், ஒரு கூரையின் கீழ், ஒரு மேசையில் இருந்து படித்தால்தான் உண்டு என்ற நிலைமை.

அப்படி ஒரு மேசை அந்தத் தென்னந்தோட்டத்தின் நடுவில் இருந்தது. மேசையில்லை, மேசைகள்.

மடத்து வீடு என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளை அங்கி போட்ட துறவிகள் எந்தக் காலத்திலோ கடல் கடந்து வந்து, காடு வெட்டி, கல்லறுத்துக் கட்டினது. பேசாமல் இருப்பது அவர்களுடைய விரதமாம். ஒருவர் ஒருவராகக் குறைந்து மடம் கலைந்தபோது, தோட்டத்தோடு சேர்த்து ஒரு முதலாளி அதை வாங்கினார். முன்பக்கத்தைத் தன் தோட்டத்து மாளிகையாக மாற்றி, சிவப்புச் சீமெந்து நிலமும் நிறக் கண்ணாடி யன்னலும் போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடியும் கொண்டு வந்து வைத்தார். பின்பக்கத்தைத் தொடவில்லை. ஏனென்றால் வயதுபோன துறவி ஒருவர் போகமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார். அவரும் செத்தார், முதலாளியும் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். மிஞ்சினது வீடும் காவல்காரரும்தான்.

காவல்காரர் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். விசுவமடுப் பக்கம் குடியேற்றக் காணி கிடைத்து வந்து, வயலை மகன்மாரிடம் விட்டுவிட்டு அந்த வீட்டோடு இருந்தவர். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் ஒரு துவாய், வாயில் சொல் குறைவு. நாங்கள் அவரை ஐயா என்போம்.

முதல் நாள் அம்மா என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். வெறுங்கையோடு போகக்கூடாதென்று, கரையிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டு வந்த பாரைக் கருவாட்டை வாழையிலையில் சுற்றி எடுத்திருந்தார். கரைச் சனத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை தெரியாது. ஐயா அதை இரண்டு கையாலும் வாங்கி, தூரத்தில் ஒரு மாமரக் கொப்பில் கொளுவிவிட்டுத் திரும்பக் கை கழுவினார். அவர் மீன் தொடாதவர் என்று அப்போதுதான் அம்மாவுக்கு மூளையில் தட்டியது. அம்மாவின் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு.

முதலாளி பூட்டிவிட்டுப் போன முன் வீட்டைக் கடந்தால் ஒரு பின் விறாந்தை. அதற்கப்பால் முதிரை மரத்தில் ஒரு கனத்த கதவு. அதுதான் உட்கதவு. அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருந்ததால் நீண்ட நடையும், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகளும் தெரிந்தன. ஒவ்வொரு அறையிலும் சுவரோடு சேர்த்துக் கட்டின கல் மேசை, அதற்கு நேரே உயரத்தில் ஒரு யன்னல் என்று பெரியம்மாவின் மகன் சொல்லியிருந்தான். அவனும் அந்த வருடம் சோதினை எழுத இருந்தவன். ஐயா அவனுக்கும் இன்னும் இரண்டு பொடியன்களுக்கும் ஆளுக்கொரு அறை கொடுத்திருந்தார். அவன் அங்கே படித்தது குறைவு, மேசையில் தலை வைத்துத் தூங்கினது கூட. கல் குளிராக இருக்கும், நல்லாய் நித்திரை வரும் என்று எங்களுக்கே வந்து சொல்வான். அக்கா பல்லைக் கடிப்பாள்.

அம்மா கேட்டு முடிக்க, ஐயா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"பொடியள் எண்டால் பிரச்சினை இல்லை. பொம்பிளைப் பிள்ளையள் இந்தக் கதவைத் தாண்டப்படாது. பெரிய சுவாமிக்கு நான் வாக்குக் குடுத்தனான்."

அந்த வயதுபோன துறவி செத்து எத்தனை வருடம் என்று அம்மா கேட்டார். பதினெட்டு என்றார் ஐயா. செத்தவருக்குக் கொடுத்த வாக்குத்தானே என்று அம்மா இழுத்தார்.

"உயிரோட இருக்கிறவரிட்டையெண்டால் கேட்டு மாத்திக்கொள்ளலாம், தங்கச்சி. செத்தவரிட்டை எப்பிடிக் கேக்கிறது?"

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா பொரிந்து தள்ளினார். சுவாமியாவது வாக்காவது, எங்களை, கடல் தொழில் செய்கிற சனத்தை, வீட்டுக்குள் விட மனமில்லை, அதற்கு ஒரு சாட்டு என்றார். கருவாட்டை மரத்தில் தொங்கவிட்டதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பெரியம்மாவின் மகனும் கரைச் சனம்தானே, அவனை உள்ளே விட்டாரே என்று அக்கா கேட்டாள். ஆனாலும் அம்மாவின் கோபம் குறையவில்லை. கோபப்பட வேறு யாரும் கையில் அகப்படாத காலம் அது, ஐயா வசதியாக அகப்பட்டார்.

அம்மா விடுகிற ஆளில்லை. இரண்டு கிழமைக்கு ஒருதடவை சைக்கிளில் வந்து புளியமரத்தடியில் பூசை வைக்கிற எங்கள் பங்குச் சுவாமியைப் பிடித்தார். பூசை முடிந்த கையோடு, தேத்தண்ணிகூடக் குடிக்கவிடாமல், மடத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். சுவாமி பொறுமையாக விளங்கப்படுத்தினார். துறவிகள் இருக்கும்வரைக்கும்தான் அந்த ஒழுங்கு, அவர்கள் போனபின் அது வெறும் வீடு, திருச்சபைக்கு ஒரு மறுப்பும் இல்லை என்றார். வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்று பேனையையும் எடுத்தார். ஐயா துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சுவாமி, நீங்கள் படிச்சனீங்கள், நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனால் நான் வாக்குக் குடுத்தது உங்களுக்கில்லை."

சுவாமி பேனையை மூடிவிட்டார். பாருங்கள், வேதக்காரச் சுவாமி வேதக்கார மடத்தின் கதவைத் திறக்கச் சொல்கிறார், திருநீறு பூசின மனிதர் முடியாது என்கிறார். இதை வேறு எந்த ஊரில் காணப்போகிறீர்கள்?

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அக்கா திரும்பவில்லை. உட்கதவுக்கு இந்தப் பக்கம், விறாந்தையில், தான் இருந்து படிக்கலாமா என்று கேட்டாள். ஐயா கதவையும் பார்த்தார், விறாந்தையையும் பார்த்தார். "இரு" என்றார்.

அடுத்த நாளிலிருந்து விடியத் தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு அக்கா போய்விடுவாள். குமர்ப்பிள்ளையைத் தனியே விடமுடியாதென்று என்னைக் காவலுக்கு அனுப்பினார் அம்மா. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. உட்கதவு இடுக்கால் உள்ளே பார்ப்பதுதான் என் வேலை. நடையின் கடைசியில் சாத்தின ஒரு கதவின் கீழால் வெளிச்சம் தெரியும். அங்கே என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்காது. பெரியம்மாவின் மகனைக் கேட்டால், அதற்கப்பால் ஐயா பொடியன்களையும் விடுவதில்லை என்றான். உள்ளேயிருந்து பழைய சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த மணம் வரும். அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. வன்னி மழை சும்மா மழையா? விறாந்தையின் இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. காற்று சுழற்றி அடித்த ஒரு மத்தியானம், அக்காவின் கணக்குக் கொப்பி முழுக்க நனைந்துபோயிற்று. இரவல் புத்தகத்தைப் பார்த்து மாதக்கணக்காகக் கையால் எழுதின குறிப்புகள். நீல மை ஒழுகி ஓடியது. நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. ஒவ்வொரு தாளாகக் கழற்றி, ஐயாவின் அடுப்படியில் கொடிகட்டிக் காயவிட்டாள். பிறகு ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் போய் இருந்தாள். அழிந்த வரிகளை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினாள். எனக்கு ஐயாவின் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூன்று பொடியன்கள் உள்ளே, நனையாத கூரையின் கீழ், குறட்டை.

ஐயா அன்றைக்குத் தன் மாடுகளைப் பார்க்கப் போகவில்லை. விறாந்தைத் தூணோடு சாய்ந்து நின்று அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முக்கோணங்கள் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, இந்தக் கணக்கால் காணி அளக்கலாமா என்று கேட்டார். அளக்கலாம் என்றாள் அக்கா. ஐயா அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து, குந்தியிருந்து, சிவப்புச் சீமெந்தில் ஒரு கோடு கீறினார்.

யாழ்ப்பாணத்து வேலிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருடா வருடம் புது ஓலை வைத்து வேலி அடைக்கும்போது, வேலிக்கு நட்ட கதியால் ஒவ்வொன்றும் நித்திரையில் புரளுகிற மாதிரி ஒரு விரல் அடுத்த காணிக்குள் புரண்டு கிடக்கும். ஐயாவுக்கும் அவருடைய தமையனுக்கும் நடுவில் இருந்த வேலியும் அப்படிப் புரண்டிருக்கிறது. எண்பதடி வேலி. றோட்டுப் பக்க மூலை அசையவில்லை. கிணற்றடி மூலை அரை அடி உள்ளே வந்துவிட்டது. அவ்வளவையும் ஐயா கரியால் கீறிக் காட்டினார். தன்னுடைய காணி எவ்வளவு போயிற்று என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

அக்கா கொப்பியில் போட்டாள். திரும்ப ஒருமுறை போட்டாள். பிறகு இருபது சதுர அடி என்றாள். ஐயாவுக்கு அது விளங்கவில்லை.

"ஒரு பாய் விரிக்கிற இடம், ஐயா."

"அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

ஐயா அந்தக் கரிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்களுக்கா தனக்கா என்று தெரியாமல், மெல்லச் சொல்லத் தொடங்கினார். பதினொரு வருடம் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு நடந்தாராம். தோற்றபின் அந்த ஊரே வேண்டாமென்று பங்கை விற்றுவிட்டு வன்னிக்கு வந்தாராம். தமையன் செத்தபோது ஆள் வந்து சொல்லியும் போகவில்லையாம். "கொள்ளி வைக்கிற நேரம் எனக்காகப் பாத்துக்கொண்டு நிண்டவையாம்" என்றார். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி மாட்டுப்பக்கம் போய்விட்டார். அக்கா கணக்கைச் சரியாகச் செய்ததற்காக வருத்தப்பட்டாள். பொய் சொல்லியிருக்கலாமோ என்று வழியில் என்னைக் கேட்டாள்.

அடுத்த நாள் காலையில் நாங்கள் போனபோது உட்கதவைக் காணவில்லை.

கதவிருந்த இடம் ஆவென்று திறந்து கிடந்தது. நிலை பெயர்த்த இடத்தில் கல்லும் சுண்ணாம்பும் கொட்டிக் கிடந்தன. தூணில், நிலையைப் பெயர்த்த இரும்பு அலவாங்கு ஒன்று சாத்தியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம். நடையில் முதல் இரண்டு அறைகளுக்கு அப்பால், இரண்டு தூண்களுக்கு நடுவில், அதே கதவு அதே நிலையோடு நின்றது. பக்கத்து இடைவெளியைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தார். மண் இன்னும் ஈரம். பொடியன்கள் வரும்போது மட்டும் திறக்கப் பூட்டும் போட்டிருந்தது. ஐயா நிலத்தில் இருந்துகொண்டு, கொப்பளம் போட்ட கையைத் தண்ணீருக்குள் வைத்திருந்தார். அவ்வளவையும் தனியே செய்திருக்கிறார், அந்த வயதில்.

அக்கா வாசலில் நின்றபடி நின்றாள். காலை வைக்கவில்லை.

"வா, பிள்ளை. கதவைத் தாண்டப்படாது எண்டுதான் வாக்கு. இந்த அறை கதவுக்கு வெளியிலதானே நிக்குது."

"உங்கட பெரிய சுவாமி கோவிக்க மாட்டாரோ, ஐயா?"

"என்ர அண்ணர் வேலியைத் தள்ளினவர். நான் கதவைத் தள்ளியிருக்கிறன். போற இடத்தில ரெண்டுபேரையும் காணுவன்தானே. அங்க சொல்லிக்கொள்ளுறன்."

அக்கா உள்ளே போய்க் கல் மேசையில் கொப்பியை வைத்தாள். யன்னலால் விழுந்த வெளிச்சம் சரியாகத் தாளில் விழுந்தது. மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது, ஒரு துமியும் உள்ளே வரவில்லை. அம்மாவுக்குச் செய்தி சொல்ல நான் சேற்றுக்குள்ளால் ஓடினேன். அவர் வந்து, பழைய இடத்தையும் பார்த்தார், புது இடத்தையும் பார்த்தார், ஐயாவின் கையையும் பார்த்தார். கொட்டிலுக்குப் போய்த் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் கொண்டு வந்து கொடுத்தார். அந்த மனிதரைப் பற்றித் தான் நினைத்ததெல்லாம் பிழை என்று அம்மா வாயால் ஒத்துக்கொள்ளப் பிறகு பத்து வருடம் பிடித்தது. என்னுடைய ஆத்திரத்தை நான் ஒத்துக்கொள்வது இப்போதுதான்.

கதை பரவியது. கார்த்திகையில் இன்னும் மூன்று பெண்பிள்ளைகள் கொப்பியோடு வந்து நின்றார்கள். ஐயா தலையைச் சொறிந்தார், அலவாங்கை எடுத்தார், கதவு இன்னும் இரண்டு அறை தள்ளிப் போனது. இந்தமுறை பெரியம்மாவின் மகனின் அறை பெண்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவன் கொப்பியையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு உள்ளே இடம்பெயர்ந்தான். கரையில் இருந்து ஓடினது காணாதென்று இங்கேயும் ஓடவேண்டியிருக்கிறது என்று புறுபுறுத்தான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மார்கழியில் சோதினை. அக்கா கணக்குப் பேப்பர் எழுதிவிட்டு வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்று தொடங்கினார். சோதினை மறுமொழி வராமல் ஒரு கதையும் இல்லை என்று அம்மா வெட்டிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அம்மா பெரியம்மாவை எதிர்த்து நின்றதை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

மறுமொழி வரச் சித்திரை கழிந்துவிட்டது. பாதை திறந்த ஒரு நாளில் தபால் கட்டோடு வந்தது. கணக்கு, திறமைச் சித்தி. பெரியம்மாவின் மகன் தவறிவிட்டான், பாவம். அக்கா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பும் போடாமல், நேரே மடத்து வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால்.

ஐயா தாளை வாங்கித் தலைகீழாகப் பார்த்து, நேராகப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். நெற்றியில் தொட்டுக் கும்பிட்டார். பிறகு எங்களை நடையால் கூட்டிக்கொண்டு போனார். கதவு நின்ற இடத்துக்கு வந்ததும் மடியிலிருந்து திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கதவை அகலத் தள்ளினார். நடையின் கடைசியிலிருந்த கதவையும் போய்த் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

எத்தனை மாதமாக நான் காத்திருந்தது. நடுவில் ஒரு முற்றம், வெயில் நிறைய. முற்றத்தின் நடுவில் சீமெந்துச் சிலுவை வைத்த ஒரு கல்லறை, பெரிய சுவாமியுடையது. அதன் மேல் அன்றைக்குப் பறித்த செவ்வரத்தம்பூ, எங்கள் ஆட்கள் வைக்கிற மாதிரி வளையமாக இல்லை, ஐயா தன் பிள்ளையாருக்கு வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. அதற்கப்பால் இன்னும் எவ்வளவோ இருந்தது. சிற்றாலயத்தின் வாசல் தெரிந்தது. நான் உள்ளே வைக்க ஒரு காலை எடுத்துவிட்டேன்.

"உள்ளுக்கு வந்து பார், பிள்ளை" என்றார் ஐயா. "உனக்கில்லாட்டில் ஆருக்கு?"

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம், ஐயா. எனக்கு வேண்டியதை நீங்கள் தந்திட்டியள். மிச்சம் உங்கட வாக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கிள்ளினேன், நல்லாய், இரத்தம் வர. அவள் அசையவில்லை. கதவைச் சாத்த ஐயாவுக்குக் கை வரவில்லை. அக்காதான் கையை நீட்டிச் சாத்தினாள்.